பச்சை வண்டிகள் வரும் காட்சி

பேய் வந்தபோது அரங்கில் ஒருவரும் கத்தவில்லை. கிணற்றுக்குள்ளிருந்து தலைகீழாக ஏறி வந்தது. விரித்த கூந்தல், வளர்ந்த நகம், ஒரு குறையும் இல்லை. முன்வரிசையில் ஒருவர் பாப்கார்னை மென்றபடியே அதைப் பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு ஊர் எல்லையில் பச்சை வண்டிகள் வந்து நின்றன. முகமூடி போட்ட சிப்பாய்கள் குதித்து இறங்கினார்கள். ஒலிபெருக்கியில் ஒருவன், "பயப்படாதீங்க, உங்களைக் காப்பாத்தத்தான் வந்திருக்கோம்" என்றான். அவ்வளவுதான், அரங்கம் மொத்தமும் ஐயோ என்று அலறியது. பாப்கார்ன்காரரின் டப்பா தரையில் உருண்டது.

கடைசி வரிசையில் உட்கார்ந்திருந்த கோமளவல்லிக்குப் பெருமை பிடிபடவில்லை. அது அவளுடைய படம். 'அவளுடைய' என்று சொல்வதுகூடப் பழைய பழக்கத்தில்தான். இப்போதெல்லாம் திகில் படத்தை யார் எடுக்கிறார்கள்? இயக்குநர் கொடுப்பது ஒரு விதை: ஓர் ஊர், ஒரு கிணறு, நாலைந்து பாத்திரங்கள். மீதியைத் திகில்நெய்வி என்ற இயந்திரம் அந்தந்த அரங்கில் அப்போதைக்கப்போது நெய்துகொள்ளும். பார்க்க வருகிறவர்கள் நெற்றியில் ஒரு பட்டையைக் கட்டிக்கொண்டால் போதும். மனசில் எழுகிற உருவத்தைப் பட்டை படித்து அனுப்பும், இயந்திரம் அதைத் திரையில் கொண்டுவந்து நிறுத்தும்.

ஆரம்பத்தில் எல்லோருடைய பயத்தையும் கூட்டிச் சராசரி பார்த்தார்கள். என்ன வந்தது தெரியுமா? பல்லி. எல்லோரும் கொஞ்சம் கொஞ்சம் பயப்படுவது அதற்குத்தானாம். காசு கொடுத்து இரண்டு மணி நேரம் பல்லியைப் பார்க்க எவன் வருவான்? ஆகவே விதியை மாற்றினார்கள். அரங்கில் யாருடைய பயம் மிக ஆழமோ, அந்த ஒருவரை இயந்திரம் பிடித்துக்கொள்ளும். அவர் பயப்படுவதையே எல்லோருக்கும் காட்டும். மற்றவர்களுக்கு அது தானாகத் தொற்றிக்கொள்ளும். நன்றாகவே தொற்றியது. கோமளவல்லியின் எந்தப் படமும் ஊரில் ஐம்பது நாளைக்குக் குறைந்து ஓடியதில்லை.

அன்றைக்கு அந்தக் காட்சி வசூலுக்காக அல்ல, விசாரணைக்காக. திகில் படங்கள் ராணுவத்தை ஒருதலைப்பட்சமாகக் காட்டுகின்றன என்று புகார் போயிருந்தது. அதை ஆராய ஒரு குழு போட்டிருந்தார்கள். தலைவர் ஓய்வு பெற்ற கர்னல் தர்மராஜ். வெள்ளை மீசை, இஸ்திரி மடிப்புக் கலையாத சட்டை. விளக்குகள் எரிந்ததும் அவர் பட்டையைக் கழற்றி மடியில் வைத்துக்கொண்டு கோமளவல்லியைப் பார்த்தார்.

"மேடம், நான் ரெண்டு வாரமா உங்க ஆளுங்க படமாத்தான் பார்த்துட்டிருக்கேன். ஒண்ணு, அந்தப் பேயை ஆய்வுக்கூடத்துல உண்டாக்கினதே நாங்கதான்னு வருது. இல்லேன்னா, கடைசியில வந்து பேயையும் சுட்டு, தப்பிச்ச ஜனங்களையும் சுடறோம். ஒரே ஒரு படத்துலயாவது நாங்க வந்து நாலு பேரை நல்லபடியா வெளியே கூட்டிட்டுப் போனோமா?"

"ராணுவம் ஒழுங்கா வேலை செஞ்சா, படம் இடைவேளைக்கு முன்னாடியே முடிஞ்சிடுமே சார்."

அரங்கமே சிரித்தது. கர்னலும் சிரித்தார், மனிதர் நல்லவர். "அது சரி. ஆனா எப்பவும் நாங்கதானா?"

"சார், என் விதையைப் படிச்சுப் பாருங்க. கிணறு இருக்கு. பச்சை வண்டி எங்கயாவது இருக்கா? ஒரு சிப்பாயைக்கூட நான் எழுதலை. ஜனங்க மனசுல இருக்கு, மெஷின் எடுத்துக் காட்டுது. அதுக்கு நான் என்ன பண்ண முடியும்?"

"அந்த ஜனங்க மனசுல முதல் முதல்ல போட்டது யாரு?"

ஏதோ ஓர் ஊரில், இந்த இயந்திரம் ஓட்டிய முதல் படங்களில் ஒன்றில், யாரோ ஒருவர் உட்கார்ந்திருந்திருக்க வேண்டும். ஊரடங்கு நாளில் பிள்ளையைத் தேடிப் போய் பூட்ஸ் காலில் மிதிபட்டவராக இருக்கலாம். அவருடைய பயத்துக்கு நியாயம் இருந்திருக்கும், அதை யாரும் பழிக்க முடியாது. ஆனால் இயந்திரம் அவரைப் பிடித்துக்கொண்டு அரங்கம் முழுவதற்கும் காட்டியது. அந்த அரங்கத்தினர் அடுத்த படத்துக்கு அதைச் சுமந்து வந்தார்கள். இப்படியே போய்ப் போய், ஒரு சிப்பாயையும் நேரில் பார்த்திராதவர்கள்கூடப் பச்சை வண்டியைக் கண்டால் அலறும் நிலை வந்துவிட்டது. கோமளவல்லிக்கு இது தெரியாமல் இல்லை. தெரிந்தும், கையிலிருந்த நீர்மோரைக் குடித்தாள்.

வெளியே கேன்டீனில் அவள் தம்பி தணிகைவேல் காத்திருந்தான். ராணுவத்தின் பேரிடர் மீட்புப் படைப்பிரிவில் சுபேதார். விசாரணையை வேடிக்கை பார்க்கவென்றே ஒரு நாள் லீவு போட்டு வந்து, அரங்கின் பின்னால் நின்று பார்த்துவிட்டு முன்பே வெளியே வந்திருந்தான். அக்காவைப் பார்த்ததும் எழுந்து, போலியாக ஒரு சல்யூட் வைத்தான்.

"என்னக்கா, இன்னைக்கு என்னை எத்தனை பேரைச் சுட வெச்சே?"

"போடா. நானா சுட வெக்கறேன்?"

"கர்னல் சாரை நல்லா மடக்கிட்டே. எனக்கே சிரிப்பு வந்துடுச்சு." பிறகு டீயை ஆற்றிக்கொண்டே சொன்னான். "போன வாரம் சின்னவ கேக்கறா, அப்பா, கதவைப் பூட்டிக்கிட்டு உள்ள இருந்தா நீ எங்களையும் சுடுவியான்னு."

கோமளவல்லிக்குச் சுருக்கென்றது. உடனே கோபமாக மாற்றிக்கொண்டாள். "அவளை யாரு திகில் படத்துக்குக் கூட்டிட்டுப் போனது?"

"யாரும் கூட்டிட்டுப் போகலைக்கா. ஸ்கூல்ல விளையாடறாங்களாம். ஒருத்தன் மிலிட்டரி, மத்தவங்கல்லாம் ஒளிஞ்சுக்கணும்."

"எல்லாம் வயசானா சரியாப் போயிடும். படம் வேற, வாழ்க்கை வேறன்னு ஜனங்களுக்குத் தெரியும்டா."

"தெரிஞ்சா சரி" என்றான் தணிகைவேல். அவனுக்கு அக்காவோடு சண்டை போட வராது. சின்ன வயதிலிருந்தே அப்படித்தான்.

அடுத்த மாதம் அவர்களுடைய சொந்த ஊரான நெல்வாய்ப்பேட்டையில், ஆற்றோரம் இருந்த ஒரு ரசாயனக் கிடங்கில் குளோரின் உருளைகள் வெடித்தன. காலை நேரம், பிள்ளைகள் பள்ளிக்குக் கிளம்பாத வேளை. மஞ்சளும் பச்சையுமாகப் புகை தரையோடு ஊர்ந்து தெருக்களுக்குள் வந்தது. கோமளவல்லி அங்கே ஓர் அடுக்குமாடிக் குடியிருப்பில் முதல் மாடியில் தனியாக இருந்தாள். சன்னல்களை அடைத்துவிட்டு, ஈரத்துணியை மூக்கில் வைத்துக்கொண்டு கீழே பார்த்தாள். பச்சை வண்டிகள் வந்து நின்றன.

முகமூடி போட்ட சிப்பாய்கள் குதித்து இறங்கினார்கள். ஒலிபெருக்கி பேசியது: "பயப்படாதீங்க. வீட்டை விட்டு வெளியே வாங்க. வாயு இன்னும் அதிகமாகப் போகுது."

ஒருவர்கூட வெளியே வரவில்லை. எதிர் பிளாக்கில் படபடவென்று திரைச்சீலைகள் மூடின. பக்கத்து வீட்டில் பீரோவை நகர்த்தும் சத்தம் கேட்டது, கதவுக்கு முட்டுக் கொடுக்கிறார்கள். மேல் மாடியில் ஒரு குழந்தை அழ ஆரம்பித்தது, சட்டென்று நின்றது. யாரோ வாயைப் பொத்திவிட்டார்கள். விஞ்ஞானி, வங்கி மேலாளர், யோகா சொல்லித் தருகிறவர் எல்லோரும் குடியிருந்த கட்டடம் அது. இப்படி ஒரு நேரத்தில் என்ன செய்ய வேண்டும் என்று அத்தனை பேருக்கும் மனப்பாடமாகத் தெரிந்திருந்தது: விளக்கை அணை, தாழைப் போடு, மூச்சு விடாதே.

கோமளவல்லி என்ன செய்தாள்? அவளும் சோபாவை இழுத்துக் கதவில் சாய்த்தாள். கை தானாகச் செய்தது. படியில் பூட்ஸ் சத்தம் ஏறி வந்தது. கதவு தட்டப்பட்டது.

"திற! கதவைத் திற!" முகமூடிக்குள்ளிருந்து வந்த குரல் கரகரத்தது. அந்தக் கரகரப்பை அவள் எத்தனை படத்தில் கேட்டிருக்கிறாள். அவள் சோபாவின் மேல் ஏறி, முழு எடையையும் கதவில் கொடுத்து நின்றாள்.

"அக்கா! நான்தான் தணிகா. திறக்கா."

இதுவும் அவளுக்குத் தெரிந்ததுதான். வெளியே நிற்பது தெரிந்தவர் குரலில் பேசும். நம்பித் திறக்கிறவர்தான் முதலில் சாவார். மூன்று படத்தில் வந்துவிட்டது. "போ" என்று அவள் உள்ளுக்குள் சொன்னாள். "போ, போ."

"அக்கா, நேரம் இல்லக்கா. லென்ஸ் வழியா பாரு. நான்தான்."

அவள் குனிந்து கதவிலிருந்த லென்ஸில் கண்ணை வைத்தாள். மங்கிய மஞ்சள் புகைக்குள் அவன் முகமூடியைக் கழற்றினான். வியர்த்த நெற்றி, சிறுவயதில் அவளே தள்ளிவிட்டு விழுந்து உடைந்த முன்பல். தம்பிதான். சந்தேகமே இல்லை. அவளுக்கு அது தெளிவாகத் தெரிந்தது. தெரிந்தும் அவள் கை தாழ்ப்பாளுக்குப் போகவில்லை. அவன் அணிந்திருந்த பச்சை உடுப்பு மட்டும் கண்ணை நிறைத்துக்கொண்டு நின்றது. அவன் இருமினான். "அக்கா" என்றான். மறுபடி இருமினான். வளைந்து முட்டியில் கை ஊன்றி இருமினான். அவள் பார்த்துக்கொண்டே நின்றாள்.

பிறகு எப்படியோ திறந்தாள். அவன் சுவரில் சாய்ந்து உட்கார்ந்திருந்தான். தன் முகமூடியை நீட்டி, "போட்டுக்கக்கா" என்றான். அவனைத் தூக்கிச் செல்ல வேறு சிப்பாய்கள் வர வேண்டியிருந்தது.

நுரையீரலில் பாதி போய்விட்டது என்றார்கள் மருத்துவமனையில். உயிருக்கு ஆபத்தில்லை, ஆனால் இனி மாடிப்படி ஏறினால் மூச்சு வாங்கும், பட்டாளத்து வேலைக்கு ஆகமாட்டான். மருத்துவ விடுப்பு முடிந்ததும் வீட்டுக்கு அனுப்பிவிடுவார்கள். கண் விழித்த அன்றே அவள் கட்டிலருகே உட்கார்ந்து சொன்னாள்.

"லென்ஸ்ல ஒண்ணுமே தெரியலைடா. கண்ணாடி மங்கிப் போயிருந்தது. நீதான்னு தெரிஞ்சிருந்தா நான்..."

"தெரியும்க்கா" என்றான் தணிகைவேல். "பழைய கதவு. விடு."

அவள் வீட்டுக்கு வந்ததும் முதல் வேலையாக உப்புத்தாளை எடுத்து அந்த லென்ஸைத் தேய்த்தாள். எதிர் வீட்டுக் கதவு வெறும் வெள்ளையாகத் தெரியும்வரை தேய்த்தாள். தேய்க்கும்போது தன் கையைத் தானே பார்க்க அவளுக்கு வெட்கமாக இருந்தது. சீ, நீயெல்லாம் ஒரு அக்காவா என்று வாய்விட்டே சொல்லிக்கொண்டாள். ஆனால் தேய்ப்பதை நிறுத்தவில்லை. உலகத்தில் யார் வேண்டுமானாலும் என்ன வேண்டுமானாலும் நினைத்துக்கொள்ளட்டும். அவள் பார்த்தாள், பார்த்தும் திறக்கவில்லை என்பது தணிகாவுக்கு மட்டும் தெரியக் கூடாது. அவளுக்கு வேண்டியது அது ஒன்றுதான்.

கர்னல் தர்மராஜ் தேடிக்கொண்டு வந்தார். திட்டத்தான் வருகிறார் என்று நினைத்தாள். அவர் திட்டவில்லை, அதுதான் அவளுக்கு இன்னும் கஷ்டமாக இருந்தது.

"படத்துக்குத் தடை போட்டா ஜனங்க மனசு மாறிடாது மேடம். நெல்வாய்ப்பேட்டையில நடந்ததை நடந்தபடியே விதையாக் குடுங்க. ஜனங்க எதுக்குப் பயந்தாங்க, யாரு காப்பாத்தினாங்கன்னு அவங்களே பார்க்கட்டும். உங்க தம்பி பேரு நாலு பேருக்குத் தெரியட்டும்."

அவளால் மறுக்க முடியவில்லை. விதையை எழுதிக் கொடுத்தாள்: கிடங்கு, புகை, வண்டிகள், பூட்டிய கதவுகள், முகமூடியைக் கழற்றும் ஒரு சிப்பாய். கதவுக்கு உள்ளே யார் இருக்கிறார்கள் என்று எழுதவில்லை. அந்த இடத்தை வெறுமையாக விட்டுவிட்டாள்.

சோதனைக் காட்சிக்கு நெல்வாய்ப்பேட்டைக்காரர்களையே அழைத்திருந்தார்கள். இந்த முறை குழு ஒரு நிபந்தனை போட்டிருந்தது. பயம் யாருடையது என்று வெளிப்படையாகத் தெரிய வேண்டும். எனவே இயந்திரம் யாரைப் பிடிக்கிறதோ அவர் பட்டையில் ஒரு சிவப்பு விளக்கு எரியும்படி வைத்திருந்தார்கள். தணிகைவேல் சிறப்பு விருந்தினன். உடுப்பு இப்போது அவனுக்குத் தொளதொளவென்று இருந்தது. அக்காவின் பக்கத்தில் உட்கார்ந்து, பட்டையைக் கட்டிக்கொண்டு, "கிணறு கிடையாதாக்கா?" என்று சிரித்தான். சிரித்ததற்கே மூச்சு வாங்கியது.

படம் தொடங்கியது. புகை வந்தது. சிவப்பு விளக்கு இங்கொன்றும் அங்கொன்றுமாகத் தாவிக்கொண்டிருந்தது. பச்சை வண்டிகள் வந்தபோது அரங்கில் பழைய சலசலப்பு எழுந்தது. கர்னல் பல்லைக் கடித்துக்கொண்டார். சிப்பாய் படியேறினான். விளக்கு மூன்றாம் வரிசையிலிருந்து மறைந்து தணிகைவேலின் நெற்றியில் எரிந்தது.

திரையில் ஒரு கதவு. அதை வெளியிலிருந்து காட்டியது இயந்திரம். வேறு ஒன்றுமில்லை, மூடிய கதவு, அதில் ஒரு லென்ஸ். லென்ஸில் உள்ளேயிருந்து வரும் வெளிச்சம் சின்னப் புள்ளியாகத் தெரிந்தது. சிப்பாயின் கை முகமூடியைக் கழற்றத் தொடங்கியது. அப்போது அந்த வெளிச்சப் புள்ளி கறுத்தது.

உள்ளே யாரோ வந்து கண்ணை வைத்துவிட்டார்கள்.

லென்ஸுக்குள் ஒரு பெண்ணின் கண் பெரிதானது. அது பார்த்தது. அடையாளம் தெரிந்துகொண்டது, விழி விரிந்ததில் அது நன்றாகவே தெரிந்தது. பிறகு அப்படியே நின்றது. சிப்பாய் இருமினான். கண் பார்த்துக்கொண்டிருந்தது. கதவு திறக்கவில்லை.

கோமளவல்லியின் எந்தப் படத்திலும் அப்படி ஒரு சத்தம் எழுந்ததில்லை. ஜனங்கள் அலறவில்லை, அழுதார்கள். "திறடி!" என்று ஒரு பெண் கத்தினாள். "அடிப்பாவி, தெரியுது இல்ல? திற!" பின்வரிசையில் யாரோ நாற்காலியைத் தட்டினார்கள். தங்கள் வீட்டுக் கதவுகளை இறுக்கிப் பிடித்திருந்த அதே ஆட்கள்தான்.

கோமளவல்லிக்குப் புரிந்துவிட்டது. வெளிச்சம் கறுத்ததை அவன் அன்றைக்கே பார்த்திருக்கிறான். பார்த்துவிட்டுத்தான் முகமூடியை நீட்டினான். பார்த்துவிட்டுத்தான் பழைய கதவு என்றான். இத்தனை மாதமாக அவள் எதை மறைத்தாளோ, அதை அவன் அவளுக்காக மறைத்துக்கொண்டிருந்திருக்கிறான்.

திரையில் அந்தக் கண்ணைச் சுற்றி முகம் தெளிய ஆரம்பித்தது. இயந்திரம் நிதானமாக நெய்தது. புருவம் வந்தது. மூக்கின் பக்கத்தில் இருந்த மரு வந்தது. இன்னும் கொஞ்ச நேரத்தில் ஊர் மொத்தத்துக்கும் தெரிந்துவிடும். அவள் திரும்பித் தம்பியைப் பார்த்தாள். என்ன சொல்ல நினைத்தாளோ தெரியாது, முகத்தில் கெஞ்சல்தான் இருந்தது.

தணிகைவேல் பட்டையைக் கழற்றி மடித்துச் சட்டைப்பையில் போட்டுக்கொண்டான்.

சிவப்பு விளக்கு அணைந்தது. திரை ஒரு துடிப்புத் துடித்தது. இயந்திரம் அரங்கத்தைத் துழாவி, நாலாம் வரிசையில் ஒருவரைப் பிடித்தது. சிப்பாய் நிமிர்ந்தான், அவனிடம் எங்கிருந்தோ துப்பாக்கி வந்தது. கதவை உதைத்துத் திறந்தான். உள்ளே இருந்த குழந்தைகளைப் பார்த்துச் சுட ஆரம்பித்தான். ஜனங்கள் வழக்கம்போல அலறினார்கள். அலறலில் ஒரு நிம்மதிகூட இருந்தது.

விளக்குகள் எரிந்ததும் கர்னல் ஓடி வந்தார். "பாதியில என்ன ஆச்சு? அந்தக் கதவுக் காட்சி... நான் தேடினது அதைத்தான் மேடம்! யாரும் எங்க பக்கத்துலயிருந்து பார்த்ததே இல்லை. சுபேதார், உங்களுதுதானே அது?"

"பட்டை இறுக்கமா இருந்தது சார். கழட்டிட்டேன்."

"திருப்பிக் கட்டிக்கங்க. மறுபடி ஓட்டலாம். நீங்க ஒரே ஒரு தடவை முழுசாப் பார்த்தாப் போதும், எல்லா ஊருக்கும் அதையே பதிவு பண்ணி அனுப்பிடலாம்."

தணிகைவேல் அக்காவைப் பார்த்தான். அவள் சரி என்றால் கட்டிக்கொள்வான், வேண்டாம் என்றால் விட்டுவிடுவான். அவள் வாய் திறந்தால் போதும், எத்தனையோ பேருக்கு ஒரு கதவாவது திறக்கும்.

"வேண்டாம் சார்" என்றாள் கோமளவல்லி. "அவனுக்கு மூச்சு முட்டும்."

கர்னல் தலையை ஆட்டிக்கொண்டு போய்விட்டார். படம் இருந்தபடியே வெளியாக வேண்டியதுதான்.

வெளியே வராந்தாவில் கூட்டம் கலைந்துகொண்டிருந்தது. தணிகைவேல் முன்னால் நடந்தான், நாலடிக்கு ஒரு தரம் நின்று மூச்சு விட்டான். பச்சை உடுப்பைக் கண்டதும் ஜனங்கள் பேச்சை நிறுத்தி இரண்டு பக்கமும் சுவரோரம் ஒதுங்கினார்கள். ஒரு பெண் தன் குழந்தையின் தலையை முந்தானைக்குள் இழுத்து மறைத்தாள். அவன் அந்தக் குழந்தையைப் பார்த்துச் சிரிக்க முயன்றான். அது வீறிட்டு அழுதது.

'பயப்படாதம்மா, அவன் என் தம்பி, என்னைக் காப்பாத்தினவன்' என்ற சொற்கள் கோமளவல்லியின் தொண்டைவரை வந்தன. அப்படிச் சொன்னால், எப்படிக் காப்பாற்றினான் என்று அந்தப் பெண் கேட்பாள். தம்பி நின்று அக்காவுக்காகக் காத்திருந்தான். அவனோடு சேர்ந்து நடக்க வெட்கப்பட்டு, கைப்பையில் எதையோ தேடுவதுபோல அவள் பின்தங்கி நின்றாள்.